சந்தனம் மறைத்த விளக்கு

தம்பி,

ஆயுத பூசைக்காக இந்த வருடமும் ஆபீசை ஒழித்தோம். உடைந்த கீபோர்டு, அறுந்த ஒயர், சுற்றாத பேன் எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்குப் போட ஒரு சாக்கில் கட்டச் சொன்னார் முதலாளி. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கறுப்புப் பெட்டி கையில் வந்தது. செங்கல் அளவுதான், ஆனால் செங்கலைவிடக் கனம் குறைவு. அதன் முகத்தில் போன பூசைக்கு நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியே ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அதைச் சாக்கில் போட மனம் வரவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சில வாரங்களாக அது அலமாரியில் இருந்தது. இன்றைக்கு எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் சாந்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே அந்த விளக்கையே வைத்துக் கொடுத்தீர்கள்.

நம் ஆபீஸ், கல்யாணப் படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர். ஐந்திலும் செய்கிற வேலை உள்ளறையில் இருக்கும் பெரிய மெசினில் போய்ச் சேரும். நான் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வந்து, காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுகிறவன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பெரிய மெசின் என்றைக்காவது படுத்துவிட்டால் படமெல்லாம் போய்விடும், அதனால் நாள்தோறும் அதிலிருந்து ஒரு நகல் தானாக இந்தப் பெட்டிக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தீர்கள். இரவு பதினொரு மணிக்கு நேரம் வைத்தீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் பெட்டி காலி. அதற்கு மறுநாளும் காலி. மூன்றாம் நாள் ஒயர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் டீயைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அண்ணே, சாயங்காலம் கடைசியாப் போறது யாரு?"

"நாந்தான். பூட்டு எங்கிட்டல்ல இருக்கு."

"போகும்போது என்னென்ன செய்வீக?"

"பேனை அமத்துவேன். சன்னலைச் சாத்துவேன். மெயினை எறக்கிட்டுப் போவேன்."

"மெயினையா?"

"தீப்பிடிச்சிரும்னு மொதலாளி சொல்லியிருக்காக. இருபது வருசமா எறக்குறேன்."

என்னையே பார்த்தீர்கள். பிறகு டீ டம்ளர் குலுங்கும்படி சிரித்தீர்கள். "மூணு நாளா ஒவ்வொரு ஒயராக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க கரண்டையே மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டீகளேண்ணே."

வேறு ஆளாக இருந்தால் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருப்பார். நீங்கள் நேரத்தை மாற்றினீர்கள். எல்லோரும் சோற்றுக்குப் போகிற மத்தியானம் ஒன்றரை மணி. அன்றிலிருந்து சரியாக ஓடியது. அது நான் செய்த முதல் கோளாறு. அதற்குக் கூடச் சேர்ந்து சிரிக்க முடிந்தது.

மாதம் பிறந்ததும் ஒரு காரியம் செய்வீர்கள். பெட்டியில் இருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திருப்பி எடுத்துத் திறந்து பார்ப்பீர்கள். "எடுத்து வச்சாச்சுன்னு மெசின் சொல்லும்ணே. அத நம்பப்படாது. திரும்பி வருதான்னு பாக்கணும்" என்பீர்கள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "இது யாரு கல்யாணம், சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு படத்தைக் காட்டுவீர்கள். எனக்கு ஒருமுறை கண்ணில் பட்டது மறக்காது. அரியக்குடிக்காரர் வீடு, மாப்பிள்ளை இடது கைப் பழக்கம், பெண்ணின் அண்ணன் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பார் என்று சொல்லிக்கொண்டே போவேன். "இந்தப் பெட்டிய விட நீங்கதாண்ணே நல்ல நகலு" என்றீர்கள் ஒருநாள். அந்தச் சொல்லை எவ்வளவு நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. வாரத்தில் பாதி நாள் மதுரை ஆஸ்பத்திரி. நீங்கள் இல்லாத நாளில் நகல் ஓடியதா இல்லையா என்று யார் பார்ப்பது? மற்றவர்கள் ஒன்றரைக்கு எழுந்து போய்விடுவார்கள். நான்தான் தூக்குவாளியோடு அங்கேயே உட்கார்ந்திருப்பவன். ஆனால் மெசின் எழுதிக் காட்டுவதை எனக்குப் படிக்கத் தெரியாதே. ஒரு திங்கட்கிழமை சட்டைப்பையில் ஒரு சின்ன விளக்கோடு வந்தீர்கள். பெட்டியின் முகத்தில் ஓட்டை போட்டு, அதில் விளக்கைப் பொருத்தி, ஒயரைப் பற்றவைத்து ஊதினீர்கள்.

"அண்ணே, மூஞ்சியில பச்சை எரிஞ்சா இன்னைக்கு நகலு முடிஞ்சது. செவப்பு எரிஞ்சா எனக்கு ஒரு போனு. பின்னால ஒயர் சேர்ற எடத்துல இன்னொரு பச்சை எப்பவும் எரியும். அது கரண்டு வருதுன்னு மட்டுந்தான் சொல்லும். அதப் பாக்காதீக."

படிக்கத் தெரியாத ஒருவனுக்காக ஒரு மெசினுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆல்பம் வடிவமைக்கிற பெண் மட்டும், "என்ன பெரியவரே, வெளக்கு மந்திரி ஆயிட்டீக போல" என்று கேலி செய்தாள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு உங்கள் போன் வரும். "அண்ணே, வெளக்கு என்ன சொல்லுது?" நான் பார்த்துவிட்டு, "பச்சை தம்பி" என்பேன். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு வைப்பீர்கள். கேமராக்காரர்களும் என்னைத்தான் கேட்பார்கள். ஏழு நாள் பச்சை என்று நான் சொன்ன பிறகுதான் கேமராவுக்குள் போடுகிற கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவார்கள். அதுதான் நீங்கள் வைத்த முறை.

போனதற்கு முந்தின வருடப் பூசைக்கு நீங்கள் இருந்தீர்கள். நான் பெட்டியின் மேல்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "மெசினுக்கும் நெத்தி இருக்காண்ணே?" என்று கேட்டீர்கள். "எங்களுக்குச் சாம்பல் புதனுக்கு வருசத்துல ஒரு நாள்தான் நெத்தியில வைப்பாக. இது எங்களுக்கு மேல பக்தியா இருக்கும் போல." சொல்லிவிட்டு நீங்களே பெட்டியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தீர்கள். மறுநாள் காலை நீங்களே பழையபடி மாட்டினீர்கள். கிறிஸ்தவர், வேதக்காரர் என்று ஒதுங்கி நிற்கவில்லை. பொரிகடலையைப் பை நிறைய வாங்கிப் போனீர்கள்.

போன வருடப் பூசைக்கு நீங்கள் மதுரையில் படுத்திருந்தீர்கள். முந்தின நாள் போனில் சொன்னீர்கள்: "அண்ணே, அந்தப் பெட்டிய மட்டும் கழட்ட வேணாம். இருந்த எடத்துலயே ஒரு பூவை வச்சிருங்க." நான் சரி தம்பி என்றேன்.

ஆனால் கழற்றினேன்.

கேமரா, கத்தரிக்கோல், என் விளக்குமாறு உட்பட எல்லாம் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. உங்கள் ஆயுதம் என்று சொல்ல அந்த ஆபீசில் இந்தப் பெட்டி ஒன்றுதான். நீங்கள் ஊசியும் குழாயுமாகக் கிடக்கும்போது உங்கள் பேரில் அதாவது அங்கே வந்து உட்காரட்டும் என்று எனக்குப் பட்டது. கழற்றித் துடைத்து முன்வரிசையில் வைத்தேன். சந்தனம் வைக்க நெற்றி எது என்று பார்த்தேன். முகத்தின் நடுவில் விளக்கு இருந்த இடம் சின்னப் பள்ளமாக இருந்தது. கரண்டு இல்லாததால் விளக்கு அணைந்திருந்தது. சந்தனம் அதில் நன்றாக உட்கார்ந்தது. மேலே குங்குமம் வைத்து, உங்கள் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை மாட்டினேன். பெரிய மெசினின் பின்னால் ஒரே மாதிரி நான்கு ஓட்டைகள் இருந்தன. ஏதோ ஒன்றில் சொருகினேன். பின்னால் பச்சை எரிந்தது. ஒன்றரை மணி ஆனது. முகத்தைப் பார்த்தேன். சந்தனம்தான் தெரிந்தது. போன் அடித்தது.

"அண்ணே, வெளக்கு என்ன சொல்லுது?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

கையை நீட்டினேன் தம்பி. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை. என்னால் முடியவில்லை. அந்தச் சித்திரையில்தான் என் மகள் நெற்றியை என் கண் முன்னால் ஈரத்துணியால் துடைத்தார்கள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள். வைத்த பொட்டை அழிக்கிற காரியம் அதன் பிறகு என் கைக்கு ஆகவில்லை. அதுவும் உங்கள் பேரைச் சொல்லி வைத்த பொட்டு, நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம். தானாக உதிரட்டும் என்று விட்டேன்.

"பச்சை தம்பி" என்றேன்.

இந்த இடத்தில் சாந்தி பேனாவை நிறுத்திவிட்டாள். "எனக்காகவாப்பா?" என்று கேட்டாள். உனக்காக இல்லை, என் பயத்துக்காக என்று சொன்னேன். பேனாவை மறுபடி தாளில் ஊன்றினாள். பிறகு, "சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள்.

சந்தனம் உதிரவில்லை. இரண்டு நாள் மனம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. நாள்தோறும் பின்னால் எரிகிற பச்சையைப் பார்த்துப் பச்சை என்று சொன்னேன். நீங்கள் ஆபீசுக்கு வர முடியாமல் வீட்டோடு இருந்தீர்கள், மாதம் பிறந்தால் திருப்பி எடுத்துப் பார்க்கிற வேலையும் நின்றது. கேமராக்காரர்கள் கேட்டார்கள், அவர்களிடமும் பச்சை என்றேன். அவர்கள் கார்டை அழித்தார்கள்.

தைப் பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று பெரிய மெசின் எழவில்லை. முதலாளி உங்களுக்குப் போன் போட்டார். அமராவதிபுதூரிலிருந்து ஆட்டோவில் வந்தீர்கள். கை முழங்கை வரை வீங்கி, சட்டையின் கைப்பட்டன் போட முடியாமல் இருந்தது. "பயப்பட வேணாம், பெட்டி இருக்குல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். பெட்டியை வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்தீர்கள். கடைசியாக வந்திருந்தது பூசைக்கு முந்தின நாள் நகல். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஐப்பசியில் நடந்த கல்யாணம் இல்லை, கார்த்திகையில் நடந்தது இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்டனூரிலிருந்து ஒரு ஆச்சியும் அவர் மகளும் வந்து வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மூடிக் கிடந்த வீட்டைத் திறந்து கார்த்திகையில் அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நடத்தியவர்கள். கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் அவள் அப்பச்சி என்று கூப்பிடுகிற தகப்பனார் இறந்துவிட்டார். "ஆல்பம் மெதுவா வரட்டும். அப்பச்சி பந்தியில எல்லாரையும் கையப் பிடிச்சு உக்கார வச்சாகள்ல, அந்தப் படம் ஒன்னு மட்டும் இப்பக் குடுங்க" என்று கேட்டு வந்திருந்தாள்.

முதலாளி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மூணு மாசமா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீக?"

நீங்கள் குனிந்து பெரிய மெசினின் பின்புறத்தைப் பார்த்தீர்கள். ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே பேசினீர்கள். "ஒயரு ஓட்டை மாறியிருக்கு. மாறினா மெசினு பெட்டிக்கு வேற பேரு வச்சிரும். நகலு தெனமும் ஒன்னரைக்குக் கெளம்பியிருக்கு. பழைய பேருக்குத்தான் போயிருக்கு. பூட்டுன வீட்டத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பியிருக்கு."

"யாரு மாத்துனது?"

நான் டீத் தட்டோடு கதவருகே நின்றேன். நீங்கள் பெட்டியை மாட்டியிருந்த ஒயரோடு எடுத்து மடியில், முகம் உங்கள் வயிற்றைப் பார்த்தபடி வைத்துக்கொண்டீர்கள்.

"நாந்தான். பூசைக்கு முந்துன நாள் வந்தப்ப மாத்தி வச்சேன். மறந்துட்டேன்."

"வெளக்கு வச்சீகளே?"

"அதுவும் நான் வச்சதுதானே. சரியா எரியலை போல."

பூசைக்கு முந்தின நாள் நீங்கள் மதுரையில் படுத்துக்கொண்டு என்னோடு போனில் பேசினீர்கள். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ. "டீ ஆறுதுண்ணே, குடுங்க" என்றீர்கள். கொடுத்தேன். இனி வரவேண்டாம் என்று முதலாளி சொன்னபோதும் அந்த டம்ளர் உங்கள் கையில்தான் இருந்தது.

அதோடு விட்டீர்களா? அழித்த கார்டுகளை வாங்கிப் போய், அவற்றில் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து துழாவினீர்கள். பத்து நாள். ஒரே ஒரு படம் பாதியாக வந்தது. மேல்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். கீழே வாழையிலை, அதன் ஓரத்தில் ஒரு கிழவர் கையைப் பிடித்திருக்கும் இன்னொரு கை. அதைப் பிரிண்டு போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினீர்கள். கண்டனூருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் கையைப் பார்த்ததும், "மோதிரம் அப்பச்சியோடது" என்றாள். சாம்பல் நிறத்தைத் தடவிக்கொண்டே, "இங்க மொகம் இருந்திருக்கும்" என்றாள்.

அந்தப் படத்தை ஆபீசில் திரையில் நான் பார்த்திருந்தேன். சொன்னேன். துண்டு வலது தோளிலிருந்து நழுவி முழங்கையில் கிடந்தது, சிரிப்பில் மேல்பல் ஒன்று இல்லாதது தெரிந்தது, காதுக்குப் பின்னால் யாரோ வைத்த மல்லிகைப்பூ ஒன்று ஒட்டியிருந்தது என்று சொன்னேன். அவள் அழுதாள். "எப்படி இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீக" என்று ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவும் ஞாபகம் இருந்த வாய்க்கு, அதைத் தொலைத்தவன் நான் என்று மட்டும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். மாதா கோயில் வாசலில் உங்கள் சவப்பெட்டியை இறக்கியபோது பின்னால் நின்ற கேமராக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "நல்ல மனுசன்தான். ஆனா கல்யாணப் படத்தையே தொலைச்சுட்டாருல்ல." உங்கள் மனைவி காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றேன்.

இந்தப் பூசைக்குப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்றேனே, அன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். சந்தனத்தின் ஓரத்தில் ஒரு நகக்கீறல். பிறை மாதிரி. கீறிய இடத்தில் விளக்கின் கண்ணாடி எள்ளளவு தெரிந்தது. கீறியது நான் இல்லை. உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு மடியில் வைத்திருந்தீர்களே, அப்போது கீறியிருக்கிறீர்கள். உள்ளே சிவப்பு எரிந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். ஓட்டை மாற்றியதற்கு மட்டும்தான் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்க்காமலே பச்சை பச்சை என்று சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டீயை வாங்கிக் குடித்திருக்கிறீர்கள்.

மறுநாளே முதலாளியிடம் போனேன். பெட்டியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப எதுக்குப் பெரியவரே இது? அவரே ஒத்துக்கிட்டாரு."

"அவரு அன்னைக்கு மதுரையில கெடந்தாரு மொதலாளி. அவரு எப்படி வந்து மாத்தியிருக்க முடியும்?"

"செத்தவர் மேல இருக்குறது இருந்துட்டுப் போகட்டும். உசிரோட இருக்குற ஆளு மேல எதுக்கு அத எடுத்துப் போட்டுக்கிறீக? போயி வேலயப் பாருங்க."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். அங்கிருந்து எழுந்து வந்த நான் அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கண்டனூர்ப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "அவரத்தான் நாங்க வஞ்சுக்கிட்டு இருந்தோம்" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. இந்த முறை தண்ணீர் கொடுக்கவும் இல்லை.

இன்னும் ஓரிடம் பாக்கி. நாளைக்குக் கல்லறைத் திருநாள். உங்கள் மனைவி பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு அங்கே வருவார். சாந்தியும் நானும் முதல் பஸ்ஸில் வருகிறோம். இந்த மடலை அவர் முன்னால், உங்கள் முன்னால், சாந்தி வாசிப்பாள். சுற்றி நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கேமராக்காரர்களில் ஒருவரின் தாயாரும் அங்கேதான் அடங்கியிருக்கிறார், அவரும் வருவார். உங்கள் மனைவி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

சற்று முன் சாந்தி எழுந்து போய் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்தாள். என்னிடம் நீட்டவில்லை. பெட்டியை மடியில் எடுத்து வைத்து அவளே துடைத்தாள். சந்தனம் கரைந்து துணியில் வந்தது. மிளகளவு விளக்கு. இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

இப்போதும் மத்தியானம் ஒன்றரை ஆனால் என் கண் எதையோ தேடுகிறது. ஒன்றே முக்காலுக்குக் காது தேடுகிறது. நீங்கள் கேட்ட ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நாளின் குரலும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது தம்பி. ஒன்றும் அழியவில்லை. நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். அதற்கு இப்போது சொல்கிறேன்.

பார்க்கவில்லை தம்பி. நான் பார்க்கவே இல்லை.